மங்களம் பாடும் வரை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலை வெள்ளை மாத்திரை ஒன்று. இரவு மஞ்சள் மாத்திரை பாதி. கஞ்சி மூன்று வேளை.

இதை எழுதத்தான் என் மகன் ஜெரோம் இந்த டைரியை என் கையில் தந்தான். ஐஸ் கம்பெனிக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்தது, இத்தனை மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. அத்தைக்கு எப்போது என்ன கொடுத்தோம் என்று டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமாம். எழுதாமலேயே எனக்குத் தெரியும். எனக்கு எதுவும் மறக்காது. இந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் தொந்தரவு. ஆனாலும் எழுதுகிறேன். மாத்திரை ஒரு வரியில் முடிந்துபோகிறது, மிச்சப் பக்கம் சும்மா கிடக்கிறது. கன்னியர் மடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்த எழுத்து இதற்குப் போதும்.

ஜெரோமுக்கு அத்தை என்றால் எனக்கு மைனி. என் வீட்டுக்காரர் கஸ்பாருக்கு அக்காள், பெயர் சலேத்தம்மாள். கல்யாணம் முடிந்த வருஷமே புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். நான் இங்கே வாழ வந்தபோது சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. நான் வைத்த முதல் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்பு கடல்லேயே தங்கிட்டு போலுக்கு" என்றாள். பந்தியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவளுக்கு வாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. காது மட்டும் பாம்புக் காது. இப்போது அவளைக் குளிப்பாட்டுவது யார்? கஞ்சி ஊட்டுவது யார்? உப்பு கடலில் தங்கின அதே கைதான்.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை கொடுத்தாயிற்று.

ஜெரோம் வாயெல்லாம் பல்லாக வந்தான். கோயில் மைதானத்தில் கட்டுகிற மேடை முடிந்துவிட்டதாம். ஊர்க் கமிட்டி கூடி, அதற்கு அவன் அப்பா பெயரையே வைக்கிறதாம். கஸ்பார் அண்ணாவியார் அரங்கம். கல் வெட்டச் சொல்லியாயிற்று. மாதா திருநாளுக்கு முந்தின சாயங்காலம் அப்பாவின் யோனாஸ் நாடகத்தைத் திரும்பப் போடுகிறார்கள். மறுநாள் பூசை முடிந்து கல்திறப்பு.

"கல்லு மேல துணி போட்டிருக்கும். கயிறு ஒன்னு தொங்கும். அதை நீதான் இழுக்கணும்மா. பங்குச் சாமியாரே சொல்லிட்டார்."

எங்கள் கடற்கரையில் நாடகம் உண்டாக்கி, ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, மேடையேற்றுகிறவருக்கு அண்ணாவி என்று பெயர். சாமியாருக்கு அடுத்த மரியாதை அவருக்கு. என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் தெருவில் போனால், கிழிந்த வலையைப் பொத்துகிறவர்கள் எழுந்து நிற்பார்கள்.

"சந்தோசந்தானம்மா?"

"சந்தோசந்தான்."

மைனியின் கட்டில் நடு அறையில்தான் கிடக்கிறது. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முகத்தைப் பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்கட்டும். நாடகம் எப்படி உண்டானது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆட்கள் எல்லாம் முற்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இவள் இந்த நடு அறையில், கதவுக்கு உள்ளே. இவள் ஒரு வரி பாடுவாள். வாசலில் நிற்கிற தம்பி அதை வாங்கி முற்றத்துக்குப் பாடுவார். முற்றம் திருப்பிப் பாடும். ராகம் பிசகினால் உள்ளேயிருந்து கரண்டியால் சட்டியில் ஒரு அடி விழும். இவளுக்கு அ எழுதத் தெரியாது. கொப்பியில் எழுதினது அவர். மேடையில் மாலை வாங்கினது அவர். ஊர் அவரை அண்ணாவி என்றது. நான் ஏன் மறுக்கவேண்டும்? இவள் எனக்கு என்ன செய்தாள்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மைதானத்தில் ஒத்திகை. ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி ஊர் முழுக்கக் கேட்கவைக்கிறார்கள். மைனியின் இடது கை கட்டில் சட்டத்தில் தாளம் போடுகிறது. நான் ஊட்டிக்கொண்டிருக்கும்போது தாளம்! கஞ்சி கழுத்தில் வழிந்தது. "கச்சேரியை நிறுத்தும்" என்றேன். நிறுத்தவில்லை.

மீன் விழுங்கிக் கரையில் துப்பின தீர்க்கதரிசி யோனாஸ், சருவேசுரனோடு சண்டை போடுகிற கட்டம் வந்தது. நிழல் கொடுத்த செடியைச் சருவேசுரன் பூச்சியை விட்டுக் காயவைத்துவிடுகிறார். யோனாஸ் வெயிலில் நின்று கத்துகிறார்:

ஊதி ஊதி நான் மூட்டின அடுப்பில்
ஊத்திவிட்டீரே தண்ணி
ஏனென்று கேட்டால் குற்றமா, உமக்கு
ஏவல் செய்தவன் மண்ணா?

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. இது என் வார்த்தை.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழை. விறகு ஈரம். காலையிலிருந்து ஊதி, கண்ணெல்லாம் சிவந்து, ஒருவழியாகத் தீ பிடித்த நேரம் இவள் வந்து, "புகை வீடு முழுக்க அடையுதுளா" என்று ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். அப்போது நான் கத்தினேன். "ஊதி ஊதி மூட்டின அடுப்புல தண்ணிய ஊத்திட்டேரே, ஏன்னு கேட்டா குத்தமா, நான் என்ன மண்ணா?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் அன்று தொழிலுக்குப் போயிருந்தார். அடுக்களையில் நானும் அவளும் மட்டும்.

என்னை அழவும் வைத்து, அழுததை எடுத்து யோனாஸ் வாயிலும் போட்டிருக்கிறாள். திருடி. எத்தனை தடவை இந்த நாடகம் நடந்திருக்கிறது! ஒரு தடவையாவது நான் மேடை முன்னால் உட்கார்ந்து பார்த்திருந்தால்தானே? முற்றத்துப் பாடத்தின்போது எனக்கு அம்மிச் சத்தம்தான் காதில், நாடகம் அன்று சட்டி பானைதான் கதி.

அந்த இடத்தில் ஊர் கைதட்டுமாம். ஜெரோம் சொன்னான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திருநாள் மலருக்குக் கட்டுரை எழுத ஒரு காலேஜ் வாத்தியாரை ஜெரோம் கூட்டிவந்தான். அருள்சீலன் என்று பெயர். மரியாதையான பிள்ளை. கூடவே தொம்மை அண்ணனும் வந்தார். தொம்மை அண்ணன்தான் அந்தக் காலத்து யோனாஸ். இப்போது எண்பது தாண்டிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறார், வாய் மட்டும் ஊன்றுவதில்லை.

"அண்ணாவிங்கிற சொல் எங்கேயிருந்து வந்திருக்கும்னு உறுதியா சொல்ல முடியல," என்றார் வாத்தியார். "அண்ணன்ங்கிறதுல இருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. மூத்தவர், முன்னால நிக்கறவர். பழைய காலத்துல பள்ளிக்கூட வாத்தியாரையும் அண்ணாவின்னுதான் சொன்னாங்க. நாடகம் எழுதறவர்னு போட்டுக்கலாமா?"

"எழுதறதுல என்னய்யா இருக்கு?" என்றார் தொம்மை அண்ணன். "எழுதறதுக்குக் கணக்கப்பிள்ளை போதும். எங்காளுவள்ல பாதிப்பேருக்கு எழுத்தே தெரியாது, தாளை வச்சி நாக்கு வழிக்கவா? நாடகம் கட்டணும்யா. படகு கட்டுத மாதிரி. பலகைக்குப் பலகை சேரணும், தண்ணி உள்ள வரக்கூடாது. கட்டி, அதை நம்ம வாய்க்குள்ள வச்சி ஊட்டுதவன் அண்ணாவி."

வாத்தியார் குறித்துக்கொண்டார்.

"இன்னொன்னும் எழுதிக்கிடும். நாடகத்தன்னைக்கு அண்ணாவி பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது. விடிஞ்சதுல இருந்து மங்களம் பாடி முடியுத மட்டும் பட்டினி. அதுதான் அண்ணாவிக்கு அடையாளம். நாங்க வேசக்காரங்க இட்லியத் திம்போம். அவன் திங்கமாட்டான். பிள்ளை பெறப்போறவ வலி வந்த பெறவு சோறா கேப்பா?"

"கஸ்பார் அண்ணாவியாரும் அப்படித்தானா?"

"பின்னே? முகமே வாடிக் கண்ணு சொருகிப்போயி நிப்பான். பாவமா இருக்கும். என்ன ரோசம்மா, சொல்லு."

நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். பால் பொங்கிவிட்டது என்று சொன்னேன். அடுப்பில் பால் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாத்திரை கொடுத்தேன். மீன் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் தூக்கம் வரும்.

நான் வாழ வந்த வருஷத்து மாதா திருநாள். முதல் நாடகம். நான் பிறந்த ஊரில் தேர் உண்டு, நாடகம் கிடையாது. எனக்கு இந்த வழமையெல்லாம் எப்படித் தெரியும்? திருநாள் என்றால் சமையல், அதுதான் தெரியும். சீலா மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, என் அம்மாவின் கைப்பக்குவத்தில் குழம்பு வைத்தேன். உப்பை நாலு தடவை பார்த்தேன். அந்தப் பழைய பேச்சை இன்றைக்கு அழித்துவிடலாம் என்று நினைத்தேன். வீடு நிறைய விருந்தாளிப் பெண்கள். முதல் தட்டு மைனிக்கு வைத்தேன்.

கையால் தள்ளினாள்.

"பசிக்கலையா மைனி?"

"நீ சாப்புடு."

அவ்வளவுதான். எழுந்து நடு அறைக்குப் போய்விட்டாள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். புது மருமகள் கைச்சோறு நாத்தனாருக்கு ஆகவில்லை. ஊருக்கு அந்தச் செய்தி அன்றைக்கே போயிற்று. என் அம்மா காதுவரை போயிற்று.

அடுத்த நாடகத்துக்கும் தள்ளினாள். அதற்கடுத்ததற்கும். நாடகம் அன்று மட்டும்! ஊரே பார்க்கிற அன்று மட்டும்! மற்ற நாளில் குறை சொல்லிக்கொண்டே தின்பாள். நான் என்ன நினைப்பேன்? என்னை அவமானப்படுத்த நாள் பார்த்துச் செய்கிறாள் என்றுதானே நினைப்பேன்?

இன்னொன்று. நாடகம் அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வருவார். அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பார். இரண்டு தடவை சோறு வாங்குவார். மீன் தலை அவருக்கு. கை கழுவும்போது சொல்வார்: "நான் சாப்ட்டதை ஒருத்தர்ட்டயும் சொல்லாத, என்ன?"

அக்காளுக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். பெண்டாட்டி கைச்சோற்றுக்காக அக்காளையே ஏமாற்றுகிறாரே என்று உள்ளுக்குள் பூரித்தேன். கூட ஒரு துண்டு மீனும் வைத்தேன்.

கண் சொருகி நின்றாராம். உண்ட மயக்கம், தொம்மை அண்ணே. உண்ட மயக்கம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெரோமிடம் கேட்டேன். "கல்லுல உங்க அத்தை பேரு போட என்ன செலவாகும்?"

"அத்தை பேரு எதுக்கும்மா?"

"நாடகத்தைக் கட்டினது அவ."

சிரித்தான். "அத்தை நாலு பாட்டு சொல்லிக் கொடுத்திருப்பா, யாரு இல்லன்னா? அதுக்காவ அண்ணாவியா? கொப்பி பூரா அப்பா கையெழுத்துமா."

"எழுதுதவன் அண்ணாவி இல்லன்னு தொம்மை அண்ணன் சொன்னாரே, நீயும் கேட்டுக்கிட்டுதான இருந்த?"

"அண்ணாவின்னா அண்ணன். அந்த வாத்தியாரும் அதான் சொன்னார். பொம்பளைய எப்படி அண்ணாவிம்பாங்க? ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சதை நான் பாத்திருக்கேம்லே. செத்துப்போயிரல."

"அது சரி, உனக்கும் அத்தைக்கும் ஆவாதே. ஆயுசு பூரா அவளைக் கரிச்சிக் கொட்டின. இப்பம் என்ன புதுசா?"

ஆகாதுதான். இப்போதும் ஆகாது. ஆகாதவளைப் பற்றி உண்மை சொல்லக்கூடாது என்று எந்த மந்திரத்தில் இருக்கிறது?

ஆகஸ்ட் 30, சனி

கொடியேற்றம். ஊரெல்லாம் வெடி.

மைனியிடம் இன்று நேராகவே கேட்டேன். தலை சீவிவிட்டுக்கொண்டே கேட்டேன். "ஏன் மைனி, 'இன்னைக்கு எனக்குப் பட்டினி நாள்ளா, நாளைக்குத் திங்கேன், எடுத்து வை'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உம்ம நாக்கு அழுகிப்போயிருமா?"

கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லியிருந்தால் தம்பியின் குட்டு வெளிப்பட்டிருக்கும், எனக்குத் தெரியாதா? தம்பி பெயருக்காக என்னைச் சுட்டுப் பொசுக்கியிருக்கிறாள். அம்மா சாகிறவரை கேட்டாளே, "உன் நாத்தனாளுக்கு உன் கைச்சோறு இன்னும் இறங்கலையாடி?" என்று. அம்மாவுக்கு யார் போய் இப்போது பதில் சொல்வது?

சிக்கு எடுக்கும்போது கொஞ்சம் வலிக்கவே இழுத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

கல் வந்துவிட்டது. கறுப்புக் கல், பொன் எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவர் பெயர் மட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு மைனி வாயை மூடிக்கொண்டாள்.

கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைத் திருப்புகிறாள். தண்ணீர் வைத்தேன், துப்பினாள். மாத்திரையும் உள்ளே போகவில்லை. மத்தியானமும் அதே கூத்து. ஊசி போட வருகிற பிள்ளை நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசானவங்க இப்படி வாயைக் கட்டிட்டா நல்லதுக்கில்ல, தூத்துக்குடிக்குக் கொண்டுபோயி டிரிப் ஏத்துங்க" என்றாள். ஜெரோம் அலறி அடித்துக்கொண்டு வந்தான். நாலு மணிக்கு வண்டி வாசலில் நிற்கிறது. இரண்டு பேர் தூக்க வந்துவிட்டார்கள்.

மைனி இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். விரலைப் பிரிக்க முடியவில்லை. என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக என்னைப் பார்க்காத பார்வை.

நான் நிலைப்படியில் குறுக்கே நின்றேன்.

"ஒருத்தனும் தொடக்கூடாது."

"எம்மா, அவ சாகக் கிடக்கா. உனக்கு இன்னும் ஆத்திரம் தீரலையா?"

"தீரலை. இருந்தாலும் தூக்காத. அவளுக்குச் சீக்கு இல்ல, பட்டினி. இன்னைக்கு நாடகம்லா? மங்களம் பாடட்டும், சாப்பிடுவா."

"சாப்பிடலன்னா?"

"சாப்பிடலன்னா என்னையும் சேத்து அதே வண்டியில ஏத்து. ஒம்பது மணி வரைக்கும் வண்டி நிக்கட்டும். இத்தனை வருசம் அவளுக்குச் சோத்தை வச்சித் தள்ளு வாங்கினவ நான். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

அந்தப் பிள்ளையைக் கூடவே உட்காரவைத்தேன். அரைமணிக்கு ஒருமுறை நாடி பார்த்தாள். ஆறு மணிக்குக் குழாயில் நாடகம் தொடங்கியது. கமிட்டித் தலைவனான ஜெரோம் மைதானத்துக்குப் போகவில்லை, வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அது பற்றி எழுத ஒன்றுமில்லை.

மைனியின் கை தாளம் போட்டது. கப்பல்காரர்கள் சீட்டுப் போடுகிற இடத்தில் ஒருத்தன் இரண்டு வரி விட்டுவிட்டான், கை அந்தரத்தில் நின்றது. அடுத்த பாட்டு வந்ததும் திரும்ப இறங்கியது. யோனாஸ் மீன் வயிற்றில் கிடந்து அழுதபோது கை அசையவில்லை. அடுப்புப் பாட்டு வந்தது. ஊர் கைதட்டுவது இங்கே கேட்டது. மைனி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வாயின் நல்ல பக்கம் கொஞ்சம் மேலே போயிற்று.

"என்ன சிரிப்பு? களவாணி" என்றேன்.

எட்டே முக்காலுக்கு மங்களம். கடைசி ஆமென் முடிந்து மேளம் ஓயுமட்டும் அவள் அசையவில்லை. ஓய்ந்தது. வாயைத் திறந்தாள்.

ஜெரோம் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கிண்ணம் முழுக்கக் குடித்தாள். தாடையில் ஒட்டியதைக்கூட நாக்கால் வழித்தாள். அவன் போய் வண்டியை அனுப்பிவிட்டு வந்தான்.

மாத்திரை இரவு பாதி மட்டும். நானும் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை. நேரம் கிடைக்கவில்லை, வேறே காரணம் கிடையாது.

செப்டம்பர் 8, திங்கள், மாதா திருநாள்

பூசை முடிந்து எல்லோரும் மேடைக்கு வந்தார்கள். சாமியார் பேசினார், என் வீட்டுக்காரரைப் பெரிய மனிதர் என்றார். கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். மைக்கையும் யாரோ நீட்டினார்கள், இரண்டு வார்த்தை பேசச் சொல்லி. அது அவர்கள் செய்த தப்பு.

"எம் வீட்டுக்காரர் நல்ல மனுசன்" என்றேன். "நல்ல குரல். என்னைக் கை நீட்டினது கிடையாது. ஆனா நாடகத்தன்னைக்கு அவர் சாப்ட்டார்."

மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு நாடகத்துக்கும் சாப்ட்டார். நான்தான் போட்டேன். சீலா மீன் குழம்பு, ரெண்டு தரம் சோறு. பட்டினி கிடந்தது எங்க மைனி சலேத்தம்மா. நேத்தும் கிடந்தா. மங்களம் முடிஞ்சிதான் வாயைத் தொறந்தா, எம் மவன் கண்ணால பாத்தான். அண்ணாவின்னா யாருன்னு உங்களுக்கே தெரியும். எனக்கு அவளைக் கண்டா ஆவாது, அதுவும் உங்களுக்குத் தெரியும். அதனால நான் பொய் சொல்ல முகாந்திரம் இல்ல."

"எம்மா, போதும்" என்று ஜெரோம் பல்லைக் கடித்தான்.

முன்வரிசையில் தொம்மை அண்ணன் கம்பை ஊன்றி எழுந்தார். எனக்கு எதிராகத்தான் என்று நினைத்தேன்.

"ரோசம்மா பேருல மட்டுமில்ல, ஆளுகிட்டயும் ரோசம் இருக்கு" என்றார். "எல்லாரும் கேளுங்க. உள்ளயிருந்துதான் பாட்டு வரும். கஸ்பாரு அதை வாங்கி எங்களுக்குத் தருவான். எங்க எல்லாருக்கும் தெரியும்வே. பொம்பளைகிட்ட பாடம் கேக்கானுவன்னு அடுத்த ஊர்க்காரன் சிரிப்பான்னு வாயைப் பொத்திக்கிட்டோம். ஆனா அவன் சோறு தின்னுட்டு வந்தான்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். படுபாவி, நாங்கல்லாம் அவனுக்காவ இரக்கப்பட்டோமே!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கயிற்றைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வலைக்காரன் மகள் போட்ட முடிச்சு, ஒருத்தனும் அவிழ்க்கவில்லையாம். கல் துணிக்குள்ளேயே நிற்கிறது.

செப்டம்பர் 10, புதன்

ஜெரோம் இரண்டு நாள் பேசவில்லை. இன்று மத்தியானம் வந்து அத்தை காலடியில் உட்கார்ந்தான்.

"கமிட்டி கூடிச்சு. ரெண்டு பேரு பேரும் போட்டுருவோம்ங்காங்க. கஸ்பார் அண்ணாவியார், சலேத்தம்மாள்னு."

"உங்க அப்பா பேரு இருக்கட்டும். பாடிக் காட்டினவர், எழுதினவர். அண்ணாவிங்கிற சொல்லை எடுத்து அவ பேருகிட்ட வை."

"அப்பா மரியாதையை நீயே குறைக்கியேம்மா."

"மரியாதை வேணும்னா பட்டினி கிடந்திருக்கணும்."

அத்தையின் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டான். அப்புறம், "சலேத்தம்மாள் அண்ணாவியார்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். இன்னொரு தடவையும் சொன்னான். "கேக்கதுக்கு ஒன்னும் குத்தமாத் தெரியல" என்றான். புதுக் கல்லுக்குச் சொல்லப் போய்விட்டான்.

மைனி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணின் நல்ல பக்கம் ஈரமாக இருந்தது, துடைத்தேன். நன்றாயிருக்கிறது இவள் நியாயம். இத்தனை வருஷம் நான் கட்டிக் காத்த பகையை ஒரு பட்டினியில் வாரிக்கொண்டு போய்விட்டாள். இனி நான் எதை வைத்துப் படுத்து எழுந்திருப்பது?

இரவு கஞ்சி கொண்டுபோனேன். ஒரு வாய் வாங்கினாள். நாக்கில் வைத்து உருட்டினாள். முகத்தைச் சுளித்துக் கரண்டியை இடது கையால் தள்ளினாள். நானும் எடுத்து ருசி பார்த்தேன். உப்பு போட மறந்திருக்கிறேன்.

இன்றைக்கு ஊரில் எந்த நாடகமும் இல்லை. இது பட்டினி இல்லை. இது வேண்டுமென்றே, எனக்கென்றே தள்ளினது.

இதை நான் மறக்கமாட்டேன்.